வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்: அல்பினிசம் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

ஊரிலிருந்து யார் டில்லிக்கு வந்தாலும் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். குதுப் மினார், செங்கோட்டை, பிர்லா மந்திர், ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர், கரோல் பாகில் ஒரு நாள் கடைத்தெரு. குழந்தைகள் கூட வந்தால் மிருகக்காட்சி சாலை. அங்கே கட்டாயம் வெள்ளைப் புலி. 2012 டிசம்பரில் என் மகள் மாயவரத்திலிருந்து இரண்டு குழந்தைகளோடு வந்திருந்தாள். பையனுக்கு ஒன்பது வயது, என்னைப் போல மாநிறம். பெண்ணுக்கு ஆறு வயது. தும்பைப் பூ மாதிரித் தலைமுடி, கண் இமை மயிர் கூட வெள்ளை. தலையில் பெரிய தொப்பி, முழுக்கைச் சட்டை.

அகழிக்கு இந்தப் பக்கம் வேலி ஓரமாக நல்ல கூட்டம். முதலில் புலியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என் பேத்தியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் செல்ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கவே தொடங்கிவிட்டார். என் மகள் தொப்பியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மறைத்தாள். குழந்தையோ இது எதையும் கவனிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, எல்லாரும் புலி புலிங்கறாங்களே, எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

புலி நேர் எதிரில்தான் படுத்திருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வரும்போது வேர்க்கடலை வண்டிக்காரர் அவளைப் பார்த்து, "அரே, சூரஜ்முகி பச்சி!" என்று பிரியமாகச் சொல்லி ஒரு கை கடலையைச் சும்மாவே கொடுத்தார். சூரஜ்முகி என்றால் சூரியகாந்திப் பூ என்று மட்டுமே அதுவரை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து இந்தி அகராதியைப் புரட்டினேன். பூவின் பெயருக்குக் கீழே இரண்டாவது பொருள்: பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்த மனிதர். வெயிலைக் கண்டால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறவர்களுக்கு, வெயிலைத் தேடித் திரும்புகிற பூவின் பெயர். யார் வைத்தார்களோ!

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு சம்பந்தப்பட்ட இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய அறிக்கைகளைப் புரட்டுகிற வழக்கம் விடவில்லை. அன்று ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை. மருத்துவம் எனக்குத் தொழில் அல்ல. இதை ஒரு தாத்தா எழுதிய சரித்திரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களும் பிழைகளும்

'அல்பினோ' என்ற சொல் போர்ச்சுகீசியர் கொடுத்தது. வெள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கறுப்பின மக்களிடையே வெளுத்த நிறத்தில் பிறந்தவர்களைக் கண்டு அவர்கள் இப்படி அழைத்தார்கள். ஜாவாவிலிருந்த டச்சுக்காரர்கள் வைத்த பெயர் இன்னும் மோசம்: 'காக்கர்லாக்', அதாவது கரப்பான் பூச்சி. வெளிச்சத்துக்கு ஒதுங்குகிறார்களாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய விஞ்ஞான நூல்களிலேயே இந்தப் பெயர் ஏறிவிட்டது. 1792இல் தென்னிந்தியா வந்து முப்பது வருஷம் நம் ஜனங்களோடு வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவாவும், தம் புகழ்பெற்ற நூலில் இங்கே பார்த்த வெளுத்த பிறவிகளைப் பற்றி இந்தப் பெயராலேயே எழுதியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று நிலைத்த சொல் எதுவும் கிடையாது. வெள்ளையன், வெள்ளைச்சி, வெள்ளைக்காரன் என்று பட்டப்பெயர்கள்தான். பத்திரிகைகள் இப்போது அல்பினிசம் என்றே எழுதுகின்றன. நானும் அப்படியே எழுதுகிறேன். பெயர் இல்லாததைவிடப் பெரிய கஷ்டம், வேறொன்றின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. வெளுத்த தோலைக் கண்டால் 'வெண்குஷ்டம்' என்று சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். குஷ்டம் கிருமியால் வருவது. வெண்புள்ளி என்பது பிறந்தபின் இடையில் தோலின் நிறம் போவது, அது குஷ்டமே அல்ல. அல்பினிசம் இரண்டிலும் சேராது. பிறவியிலேயே உடம்பு மெலனின் என்ற கருநிறப் பொருளைச் செய்யாமலோ மிகக் குறைவாகச் செய்தோ இருப்பது. மூன்றுக்கும் ஒரே பெயரைப் போட்டு மூன்று பேரையும் பந்தியில் தள்ளி உட்கார வைத்த ஊர்கள் உண்டு.

இன்னொரு பிழை படித்தவர்கள் செய்வது. பாரதத்தில் வரும் பாண்டு ஒரு அல்பினோ என்று சொற்பொழிவுகளில் கேட்டிருப்பீர்கள். அம்பாலிகை பயந்து வெளிறியதால் பிள்ளை வெளுத்துப் பிறந்தான் என்பது கதை. எனக்கு இது ஒப்பவில்லை. பாண்டு காட்டில் மானைக் குறிபார்த்து அம்பெய்து அடித்தவன். கண் தெரிந்தால்தானே அது நடக்கும்! நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடுகிற பழக்கம் புராண ஆராய்ச்சியிலும் புகுந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

நேர்மாறான ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பனாமா நாட்டுக் குனா பழங்குடியினரிடம் அல்பினிசம் உலகத்திலேயே மிக அதிகம். 1681இல் காயம்பட்டு அவர்களோடு தங்கிய லயனல் வேஃபர் என்ற கடற்கொள்ளைக் கப்பல் வைத்தியர், 1699இல் எழுதிய புத்தகத்தில் இவர்களை 'நிலாக்கண்ணர்' என்கிறார். பகலில் முடங்கிக் கிடந்து நிலா வெளிச்சத்தில் சுறுசுறுப்பாக நடமாடினார்களாம். கிரகணத்தின்போது சந்திரனை விழுங்க வரும் மிருகத்தை அம்பெய்து விரட்டும் உரிமை குனாக்களில் இவர்களுக்கே உண்டு. கிரகணத்தன்று கர்ப்பிணியை இருட்டறையில் உட்கார வைக்கிற நாம் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம்.

நிலாக்கண்ணர் என்று படித்ததும் எனக்கு வெள்ளைத் தாத்தா ஞாபகம் வந்தார். என் அப்பாவின் சித்தப்பா. நான் சின்னப் பையனாக இருந்தபோது பகலில் திண்ணையைவிட்டு இறங்கவே மாட்டார். நிலாக் காலத்தில் மடை பார்க்க அவர்தான் வயலுக்குப் போவார். கல்யாணம் ஆகவில்லை. குடும்பக் கல்யாணப் பத்திரிகை எதிலும் அவர் பெயரை நான் பார்த்ததில்லை. புறங்கழுத்தில் புண் வந்து, ஆறாமல், அதோடு போய்விட்டார். அது என்ன புண் என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்று எனக்குப் புரிகிறது. மெலனின் இல்லாத தோலை நம் வெயில் என்ன செய்யும் என்பதற்கு டாக்டர் வேண்டியதில்லை.

காட்சிப் பொருள்

ஐரோப்பாவில் இவர்கள் முதலில் வேடிக்கைப் பொருளாகத்தான் நுழைந்தார்கள். 1744இல் பாரிசுக்கு ஆப்பிரிக்க வம்சத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைச் சிறுவனைக் கொண்டுவந்து காட்டினார்கள். தத்துவஞானி வால்டேர் பார்த்துவிட்டு எழுதினார். இவர்கள் தனி மனித இனம் என்பது அவர் கட்சி. அதே சிறுவனைப் பார்த்த மோபெர்த்துயி என்ற கணித அறிஞர், இல்லை, இது தாய் தகப்பன் வழியில் வருவது என்று சரியான திசையில் யோசித்தார். வால்டேர் எவ்வளவு பெரிய மனிதர்! ஆனாலும் இந்த விஷயத்தில் கணக்கு வாத்தியார்தான் ஜெயித்தார். 1783இல் மிலான் நகரத்து வைத்தியர் புஸ்ஸி, இறந்துபோன ஒரு அல்பினோவின் கண்ணை அறுத்துப் பார்த்து, உள்ளே இருக்க வேண்டிய கருநிறப் பூச்சு இல்லை என்று எழுதினார். கண் சிவப்பாகத் தெரிவது உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம் என்பது தெளிவானது. அப்போதே கண்ணைப் பற்றி மேலே யோசித்திருக்கலாம். ஆனால் உலகம் தோலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் பார்னம் போன்ற கண்காட்சி முதலாளிகள் அல்பினோ குடும்பங்களை டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். இதில் மனதைவிட்டுப் போகாத கதை ஜார்ஜ் மியூஸ், வில்லி மியூஸ் என்ற சகோதரர்களுடையது. வர்ஜீனியா மாகாணத்தில் புகையிலைத் தோட்டக் கூலிகளான கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வெயிலில் கண் கூச, புகையிலைச் செடிக்குப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் சர்க்கஸ்காரர்கள் கைக்குப் போனார்கள். திருப்பி அனுப்பப்படவில்லை. "உங்கள் அம்மா செத்துப்போய்விட்டாள்" என்று சொல்லப்பட்டது. சடை வளர்த்துவிட்டு, 'செவ்வாய்க் கிரகத்துத் தூதர்கள்' என்று பெயர் சூட்டி ஊர் ஊராகக் காட்டினார்கள். கூட்டம் கொட்டியது, சகோதரர்களுக்குச் சம்பளம் கிடையாது. பாட்டு வாத்தியம் எதைக் கையில் கொடுத்தாலும் வாசித்தார்கள் என்கிறார்கள். இதையும் தலைமுடியோடு சேர்த்து அதிசயமாகத்தான் காட்டினார்கள்.

அவர்கள் தாய் ஹாரியட் எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரி. 1927இல் அந்த சர்க்கஸ் ரோனோக் நகரத்துக்கு வந்தபோது தேடிப் போய்க் கூட்டத்தில் நின்றாள். மேடையிலிருந்த பிள்ளைகள் தாயை அடையாளம் கண்டுகொண்டார்கள். சர்க்கஸ் முதலாளிகளும் போலீசும் மிரட்டியும் பிள்ளைகள் இல்லாமல் இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். நிறவெறி தலைவிரித்தாடிய ஊரில், ஒரு கறுப்பினத் தாய் வக்கீல் வைத்து, நாட்டின் மிகப் பெரிய சர்க்கஸ் கம்பெனி மேல் வழக்குப் போட்டாள். பிற்பாடு சகோதரர்கள் மறுபடி சர்க்கஸுக்குப் போனது உண்மை. ஆனால் இந்தத் தடவை ஒப்பந்தம், சம்பளம். வில்லி மியூஸ் 2001 வரை, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். உரிமை என்ற சொல் ஐ.நா. தீர்மானங்களில் வருவதற்கு முன் அது அந்தத் தாயிடம் இருந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜின் தலைவர் வில்லியம் ஸ்பூனர், 1844இல் பிறந்த அல்பினோ. புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தே பேராசிரியரானார். பேச்சில் எழுத்துகளை இடம் மாற்றிப் போடுவதற்கு 'ஸ்பூனரிசம்' என்ற பெயரே அவரால் வந்தது. உட்காரப் படிப்பறையும் நிழலும் கிடைத்தவர் கல்லூரித் தலைவரானார். கிடைக்காதவர்கள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போனார்கள்.

குங்குமப்பூவும் கல்யாண முறையும்

இனி என் வீட்டு விஷயம். டில்லியில் இருக்கிற மாமியார், மாமனார், சித்தப்பா எவராக இருந்தாலும் ஊரில் ஒரு பெண் உண்டானால் காரி பாவ்லி போய்க் காஷ்மீர் குங்குமப்பூ வாங்கி அனுப்புவது நம் கடமைகளில் ஒன்று. என் மனைவியும் அனுப்பினாள். குழந்தை பிறந்ததும் மாயவரத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே பேச்சு எழுந்தது. "டில்லி குங்குமப்பூ ஜாஸ்தி போட்டுட்டாப்ல." இது சிரிப்பாகச் சொன்னது. சிரிக்க முடியாத வேறு பேச்சுகளும் என் மகள் காதில் விழுந்தன. நிறம் மாறிப் பிறந்த குழந்தைக்கு எந்த தேசத்திலும் முதலில் கூண்டில் ஏற்றப்படுகிறவள் தாய்தான்.

விடை 1908லேயே கிடைத்துவிட்டது. ஆர்ச்சிபால்ட் கேரோட் என்ற ஆங்கில வைத்தியர் அந்த வருஷம் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், உடம்பின் ரசாயன வேலையில் பிறவியிலேயே ஒரு கண்ணி அறுந்திருப்பதால் வரும் நான்கு குறைகளை விளக்கினார். அதில் ஒன்று அல்பினிசம். குங்குமப்பூவும் இல்லை, கிரகணமும் இல்லை, தாயின் நடத்தையும் இல்லை. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது. பெரும்பாலான அல்பினிச வகைகளில் ஒரு பிரதி பழுதானால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டும் பழுதானால்தான் நிறம் இல்லாமல் போகிறது. பழுதான பிரதியைச் சுமக்கும் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இப்படிப்பட்ட பிறவிக் குறை உள்ளவர்களின் பெற்றோரில் பலர் நெருங்கிய உறவுக்குள் மணந்தவர்கள் என்பதையும் கேரோட் கவனித்திருந்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் அல்பினிசம் உள்ள இந்தியக் குடும்பங்களின் மரபணுக்களைச் சோதித்து 2010இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆக இது எங்கோ லண்டனில் நடந்த ஆராய்ச்சி என்று தள்ளிவிடவும் முடியாது.

என் மகளை என் தங்கை மகனுக்குத்தான் கொடுத்தேன். முறை. சொத்தும் வெளியே போகாது, பெண்ணும் அத்தை வீட்டில்தானே இருப்பாள் என்று நான்தான் முன்னின்று பேசி முடித்தேன். கேரோட் சொன்ன கணக்கை எங்கள் குடும்பத்துக்குப் போட்டுப் பார்த்தால், என் அப்பாவோ அம்மாவோ சுமந்த ஒரு பழுதான பிரதி எனக்கும் என் தங்கைக்கும் வந்திருக்க வேண்டும். என் வழியாக மகளுக்கு, தங்கை வழியாக மாப்பிள்ளைக்கு. வெள்ளைத் தாத்தாவை நினைத்தால் அப்பா வழி என்றே தோன்றுகிறது. அதாவது அது என் உடம்பிலும் இருக்கிறது. இதை நான் தங்கையிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, இதை முதல்ல தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அந்தப் பொண்ணை எத்தனை பேச்சு பேசிட்டாங்க" என்றாள். மாமியார் மருமகளுக்காகச் சொன்னது அது. சங்கத்து மலரில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் அந்த வார்த்தையால்தான்.

முறைப் பெண், முறை மாப்பிள்ளை கல்யாணமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். குடும்பத்தில் ஒரு வெள்ளைத் தாத்தாவோ பாட்டியோ இருந்திருந்தால் ஜாதகம் பார்ப்பதற்கு முன் மரபணு ஆலோசனை சொல்லும் டாக்டரைப் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை.

புலியின் கண்

வெள்ளைப் புலி விஷயத்துக்கு வருகிறேன். 1951இல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் காட்டில் பிடித்த 'மோகன்' என்ற குட்டியின் வம்சம்தான் நாம் டில்லியில் பார்க்கிற வெள்ளைப் புலிகள். 1963இல் இங்கே வந்தன. மோகனை அதன் மகளோடேயே சேர்த்துப் பெருக்கிய வம்சம் என்பதும் தெரிந்த விஷயம். சரியாகச் சொன்னால் அது அல்பினோ இல்லை. கறுப்புக் கோடுகள் இருக்கின்றனவே! ஆனால் 2013இல் சீன விஞ்ஞானிகள் அதன் நிறத்துக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தபோது, அது மனிதர்களில் நான்காம் வகை அல்பினிசத்துக்குக் காரணமான அதே மரபணு என்று தெரிந்தது.

அதைவிட முக்கியம் நாற்பது வருஷம் முந்திய கண்டுபிடிப்பு. 1969இல் கில்லரி என்ற மூளை ஆராய்ச்சியாளர் சயாம் பூனைகளின் மூளையைச் சோதித்து, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளில் ஒரு பகுதி தவறான பக்கத்துக்குப் போய்ச் சேர்வதைக் கண்டார். 1973இல் ஒரு வெள்ளைப் புலியிலும் அதே கோளாறு. அடுத்த இரண்டு வருஷத்தில் ஒரு அல்பினோ மனிதரின் மூளையிலும் அதே. நிறப்பொருள் தோலை மட்டும் காப்பதில்லை. கரு வளரும்போதே கண் உருவாகும் வேலையிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அது இல்லாவிட்டால் விழித்திரையின் நடுப்பகுதி முழுசாக வளர்வதில்லை, நரம்பின் பாதை மாறுகிறது, கண்மணி ஓயாமல் ஆடுகிறது. கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. வெள்ளைப் புலிகளில் பல மாறுகண்ணாக இருப்பதும் இதனால்தான்.

இது தெரிந்த பிறகுதான் என் பேத்தி ஏன் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்க்கிறாள் என்று எங்களுக்கு விளங்கியது. ஆடுகிற கண் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கொஞ்சம் அடங்கும். அந்தக் கோணத்தைக் குழந்தை தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் முழுக்க "நேரா பாரு, நேரா பாரு" என்று தாடையைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள். வீட்டில் நாங்களும்தான்.

சல்லடையில் நில்லாதவர்கள்

என் பழைய இலாகாவின் கதை இது. 1872 முதல் 1931 வரை இந்தியக் கணக்கெடுப்பில் 'அங்கக் குறை' என்று ஒரு பத்தி இருந்தது. சித்தப் பிரமை, பிறவிச் செவிட்டூமை, குருடு, குஷ்டம் என்று நான்கு. கணக்கு எடுப்பவருக்கு உத்தரவு தெளிவாக இருந்தது: இரண்டு கண்ணும் அடியோடு தெரியாதவரை மட்டும் குருடு என்று எழுது; வெறும் வெண்குஷ்டக்காரரைக் குஷ்டம் என்று எழுதாதே. உத்தரவில் தவறில்லை. ஆனால் வெள்ளைத் தாத்தாவை இதில் எங்கே எழுதுவது? குருடும் இல்லை, குஷ்டமும் இல்லை. ஊர் அவரைக் குஷ்டக்காரர் என்று ஒதுக்கிற்று, சர்க்கார் அவரை ஒன்றுமில்லை என்று விட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பத்தியே ரொம்ப காலம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி என்று வந்தது. அதில் 'பார்வை' என்ற தலைப்பில் அல்பினிசம் உள்ள சிலர் சேர்ந்திருக்கலாம். தனி எண்ணிக்கை கிடையாது.

சட்டத்திலும் ஏறக்குறைய இதே கதை. 1995ஆம் வருஷச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் வருஷச் சட்டம் 21 வகை. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள் எல்லாம் பட்டியலில் வந்தது நல்ல காரியம். அல்பினிசம் என்ற சொல் அதில் இல்லை. 'குறைந்த பார்வை' என்ற கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். 40 சதவீதம் குறைபாடு என்று சான்றிதழ் கிடைத்தால் இலவசக் கல்வி, உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் ஒதுக்கீடு எல்லாம் உண்டு. 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, கண்ணாடி போட்ட பிறகும் இரு கண்ணிலும் பார்வை 6/24க்கும் 6/60க்கும் இடையில் இருந்தால் 40 சதவீதம்.

2013இல் முதல் தடவை சான்றிதழுக்குப் போன இடத்தில் குழந்தையை நிமிர்ந்து பார்த்ததுமே, "இது ஸ்கின் கேஸ், இதுக்கு ஊனச் சான்று கிடையாது, தோல் டாக்டர்கிட்ட போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கண் சோதிக்கும் எழுத்துப் பலகை அந்த அறைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தோல் டாக்டர் நல்லவர். "இது கண் கேஸ்மா" என்று திருப்பி அனுப்பினார். மாப்பிள்ளை இரண்டு தடவை லீவு போட்டு அலைந்துவிட்டு விட்டுவிட்டார். ஐந்து வருஷம் கழித்து வேறோர் ஊரில், ஒரு பெண் டாக்டர், பத்து நிமிஷம் பொறுமையாக அவளைத் தலையைச் சாய்த்தே படிக்கச் சொல்லி அளந்தார். 6/60. அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

உலகத்தில் இந்த விஷயம் பேசப்பட்டதற்குக் காரணம் மிகக் கொடுமையானது. டான்சானியாவில் சுமார் 1,400 பேருக்கு ஒருவர் அல்பினோ. ஐரோப்பாவில் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர்தான். அவர்கள் உடல் உறுப்பை வைத்து மந்திரம் செய்தால் தங்கம் கிடைக்கும், மீன் படும் என்ற மூட நம்பிக்கையால் 2006க்குப் பிறகு விக்டோரியா ஏரிப் பக்கத்தில் குழந்தைகளைக்கூட வெட்டினார்கள். எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசையில் அவர்களே இருந்தார்கள். 1978லேயே அங்கே அல்பினோ சங்கம் இருந்தது. 2008இல் அல்-ஷைமா க்வேகிர் என்ற பெண்மணி நாடாளுமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 2010இல் சாலும் பர்வானி தேர்தலில் நின்றே ஜெயித்தார். 2013 ஜூன் 13 அன்று ஐ.நா. மனித உரிமைக் குழு முதல் தீர்மானம் போட்டது. அந்தத் தேதியே உலக அல்பினிச விழிப்புணர்வு நாள் என்று 2014 டிசம்பரில் பொதுச்சபை முடிவு செய்தது. 2015இல் ஐ.நா. நியமித்த முதல் தனி நிபுணர் இக்பொன்வோசா ஈரோ, நைஜீரியாவில் பிறந்த அல்பினோ வக்கீல். அங்கேயும் கத்தியைவிட அதிகம் பேரைக் கொண்டுபோவது தோல் புற்றுநோய்தான் என்பதைப் பத்திரிகைகள் அவ்வளவாக எழுதுவதில்லை.

நம் நாட்டில் கத்தி இல்லை. பட்டப்பெயர், படம் பிடிப்பது, பெண் பார்க்க வந்தால் உள்ளே ஒளித்து வைப்பது. 2016ஆம் வருஷச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, குறைபாடு உள்ள ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. மிருகக்காட்சி சாலையில் எனக்கு அது தெரியாது. அப்போது அந்தச் சட்டமும் இல்லை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் இன்னொன்று சொன்னது: 40 சதவீதம் இல்லை என்பதற்காகத் தேர்வில் எழுத்தர் உதவியை மறுக்கக் கூடாது. சான்றிதழ் கிடைக்காத வீடுகள் இதை அறிந்துகொள்ள வேண்டும். முதல் பெஞ்சு, ஜன்னலுக்கு முதுகு காட்டி இடம், பெரிய எழுத்தில் வினாத்தாள், மதிய விளையாட்டு வேளையில் நிழல், தொப்பி போட அனுமதி: பள்ளியில் கேட்க வேண்டியவை இவ்வளவுதான். இதில் எதற்கும் சான்றிதழ் தேவையில்லை.

என் பேத்திக்கு இப்போது பத்தொன்பது வயது. திருச்சியில் பி.காம். படிக்கிறாள். செல்ஃபோனில் எதையும் பெரிதாக்கிப் படிக்கிறாள். போன தடவை டில்லி வந்தபோது மறுபடி புலியைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். வேலி ஓரம் நின்று ஃபோனைத் தூக்கி, திரையை விரலால் விரித்து, மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். "தாத்தா, இதுக்கு மாறுகண்ணு" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

ஒரு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல் நேரம் விதிப்படி உண்டு. அந்தக் கட்டத்தில் டிக் அடித்துச் சான்றிதழ் நகலையும் இணைத்திருக்கிறாள். தேர்வு மையத்தில் கொடுப்பார்களா, இல்லை, "உனக்குக் கண் தெரியுதேம்மா" என்பார்களா என்று மாப்பிள்ளை நேற்று ஃபோனில் கேட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் கூடவே எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.